லிமரிக்கில் எதைப் பார்ப்பது?

அயர்லாந்தின் லிமரிக் நகருக்கு வரும் உல்லாசப் பிரயாணி, கட்டணம் செலுத்தி ஜோன் மன்னனின் கோட்டையைக் கண்டு வியக்கிறான். ஆக்கிரமித்தவன் எழுப்பிய மதிலுக்கு இத்துணை மரியாதையா?

ஷானன் ஆற்றின் எதிர்க்கரையில் ஒரு கல் நிற்கிறது. 1691ஆம் ஆண்டு உடன்படிக்கை அதன்மீதே கைச்சாத்தானது என்பது ஐதீகம். கத்தோலிக்கருக்கு அன்று கொடுத்த வாக்கை நிலப்பிரபுக்களின் பாராளுமன்றம் விழுங்கி ஏப்பமிட்டது. அக்கல்லையாவது காட்டுகிறார்கள், நல்லது.

ஆனால் 1919 ஏப்ரலில் இந்நகரை ஆண்டவர்கள் யார்? சொந்த ஊருக்குள் நடமாடவே பிரித்தானிய இராணுவத்திடம் அனுமதிச்சீட்டுப் பெறவேண்டும் என்ற கட்டளையை எதிர்த்துத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். உணவுக்கு விலை விதித்தனர், பத்திரிகை வெளியிட்டனர், பணத்தாளும் அச்சிட்டனர்! அந்த ‘லிமரிக் சோவியத்’ ஏறக்குறைய இரண்டு வாரம் நிலைத்தது. முடித்துவிடும்படி கேட்டவர்கள் ஆயரும் நகர மேயரும்.

நண்பர்களே, லிமரிக் செல்ல வாய்த்தால், அப்பணத்தாள் செல்லுபடியான கடைத்தெருக்களை வழிகாட்டியிடம் முதலில் கேளுங்கள். கோட்டை காத்திருக்கும்.