வண்டி வந்தால் பாதுகாப்பு வந்துவிடாது



தென்மேற்குக் காற்று தொடங்கிவிட்டால் தலவாக்கலைப் பக்கத்து லயங்களில் எல்லோருக்கும் ஒரே வேண்டுதல்தான். மேலே நிற்கிற மரம் இன்று இராத்திரி விழக்கூடாது. இஸ்டோர் அடுப்புக்கு விறகு வேண்டும், காற்றைத் தடுக்க வேண்டும் என்று நட்ட டர்பன்டைனும் சவுக்கும் இன்று நம் கூரைக்கு மேலே அறுபது எழுபது அடிக்கு நிற்கின்றன. அவற்றை வெட்டச் சொல்லி நாம்தான் கடிதம் எழுதுகிறோம். அதனாலேயே வெட்ட வருகிற அன்று வாயை மூடிக்கொள்கிறோம். "கேட்டீங்க, வெட்டுறோம். இன்னும் என்ன வேணும்?" என்று நிர்வாகம் கேட்டால் பதில் இல்லாமல் நிற்கிறோம்.

பதில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

போன ஆடி மாதம் தோட்டமொன்றில் பாடசாலைக்குப் பின்னால் நின்ற மரத்தை வெட்டினார்கள். காலை பத்தரை மணி, பிள்ளைகளுக்கு இடைவேளை. கொழுந்து ஏற்றுகிற டிராக்டரைக் கொண்டுவந்து, ஒரு நைலோன் கயிற்றை மரத்தின் அடிப்பக்கம், ஆள் கைக்கு எட்டுகிற உயரத்தில் கட்டினார்கள். கயிற்றின் நீளம் மரத்தின் உயரத்துக்கும் குறைவு. அதாவது மரம் நினைத்தபடி விழுந்தாலும் டிராக்டரின் மேலேதான் விழும். யாரும் அதை யோசிக்கவில்லை. வெட்டுகிறவர் பாதி அறுத்ததும் "இழு, இழு" என்று நாலு பேர் நாலு பக்கத்திலிருந்து கத்தினார்கள். ஈரமண்ணில் டயர் சுற்றியது. கயிறு அறுந்தது. அறுந்த நுனி டிரைவரின் தலைக்கு மேலே பறந்துபோய்ப் பாடசாலைக் கழிப்பறையின் தகரத்தை உடைத்தது. பாதி அறுத்த மரம் இரண்டு மணித்தியாலம் காற்றில் ஆடிக்கொண்டே நின்று, பிறகு யாரும் எதிர்பாராத பக்கம் விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. நிர்வாகத்தின் கணக்கில் அன்று விபத்தும் இல்லை.

பின்னேரம் டிரைவர் என்னிடம் சொன்னார்: "சேர், இழுக்கச் சொன்னாங்க, இழுத்தேன். எங்க விழும்னு யாரும் சொல்லலியே."

தோழர்களே, அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் இருக்கிறது. "முன்பெல்லாம் இருபது பேரைக் கயிற்றில் கட்டி இழுத்தோம், இப்போது வண்டி தருகிறோமே" என்று நிர்வாகம் பெருமை பேசுகிறது. மரத்துக்குக் கீழே இருபது பேர் நிற்பதைவிட வண்டி நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் வண்டி பலம் மட்டும்தான் தரும். எந்தப் பக்கம் விழும் என்பதைத் தீர்மானிப்பது வெட்டு. ஆட்களைக் காப்பாற்றுவது தூரம். எப்போது இழுப்பது, எப்போது நிறுத்துவது என்று சொல்ல வேண்டியது ஒரே ஒரு குரல். இந்த மூன்றும் இல்லாத இடத்துக்கு வண்டி வந்தால் ஆபத்துக்கு இன்னும் கொஞ்சம் பலம் சேர்ந்தது என்றுதான் அர்த்தம்.

முறை என்ன? தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்தவனை ஏமாற்ற முடியாது.

மரம் விழ வேண்டிய பக்கத்தில் முதலில் வாய் போல வெட்ட வேண்டும். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து அறுத்து வர வேண்டும். ஆனால் முழுவதும் அறுக்கக்கூடாது. இரண்டு வெட்டுக்கும் நடுவில், மரத்தின் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஒரு துண்டு நிற்க வேண்டும். கதவுக்குக் கீல் எப்படியோ மரத்துக்கு அந்தத் துண்டு அப்படி. அதை அறுத்துவிட்டால் மரம் தன் இஷ்டத்துக்குத்தான் போகும், எந்த வண்டியாலும் திருப்ப முடியாது.

கயிற்றை உயரத்தில் கட்ட வேண்டும். கதவைக் கீல் பக்கத்தில் தள்ளிப் பாருங்கள், பிறகு கைப்பிடிப் பக்கத்தில் தள்ளிப் பாருங்கள், ஏன் என்று புரியும். அடியில் கட்டினால் அதிகமாக இழுக்க வேண்டிவரும், அதிகமாக இழுத்தால் கயிறு அறும். இழுபட்டு நீண்ட நைலோன் கயிறு அறுந்தால் சவுக்கடி போலத் திரும்பி வரும். அதனால் கயிற்றின் நேர்க்கோட்டில் ஒருவரும் நிற்கக்கூடாது.

வெட்டு முடியும் முன்பே வண்டியை வேகமாக எடுத்தால் இன்னொரு ஆபத்து: மரம் நெடுக்காகப் பிளந்து, பிளந்த பாதி வெட்டுகிறவரின் முகத்துக்கு நேரே எகிறும். முதலில் கயிறு தொய்யாமல் இறுக்கமாக நின்றால் போதும். வெட்டுகிறவர் முடித்து, முன்பே பார்த்துவைத்த வழியில் ஒதுங்கிய பிறகு, சைகை காட்டுகிற ஒரே ஆளின் கையைப் பார்த்து மெதுவாக இழுக்க வேண்டும். மரம் எதிர்ப்பக்கம் பலமாகச் சாய்ந்திருந்தால், மண் ஈரமாக இருந்தால், சரிவாக இருந்தால், வண்டியை நம்பவே கூடாது. மரம் வண்டியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தில் வேறு உறுதியான மரத்தின் அடியில் கட்டிய கை வின்ச்தான் பொருத்தம். வண்டிதான் வேண்டுமென்றால் ஒரு கப்பியைப் போட்டுக் கயிற்றைத் திருப்பி, மரம் விழுகிற கோட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தலாம்.

தூரத்தைப் பற்றி: வேலையில் இல்லாதவர்கள் மரத்தின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தள்ளி நிற்க வேண்டும். உயரத்தை எப்படித் தெரிந்துகொள்வது? என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேளுங்கள். கண்ணிலிருந்து நீட்டிய கைவரை எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளக் குச்சியை நிமிர்த்திப் பிடியுங்கள். குச்சியின் அடி மரத்தின் அடியோடும், நுனி மரத்தின் நுனியோடும் சேரும்வரை, மேடு பள்ளம் இல்லாத மட்டத்தில் பின்னால் நடங்கள். நிற்கிற இடத்திலிருந்து மரத்துக்கு எத்தனை அடியோ, ஏறக்குறைய அத்தனை அடி மரத்தின் உயரம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஐந்து நிமிடத்தில் செய்வதை ஒரு கம்பனி செய்ய முடியாதா?

சட்டம் என்ன சொல்கிறது? 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இஸ்டோருக்குள் சுற்றுகிற இயந்திரத்துக்கு வேலி போடச் சொல்கிறது. அதே இஸ்டோருக்கு விறகு தருகிற மரம் வெளியே மலையில் நம் ஆளை நசுக்கினால் அந்தச் சட்டம் எட்டிப் பார்ப்பதில்லை. மிஞ்சுவது 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். அது அடிபட்ட பிறகு வருகிற சட்டம். அதற்கும் அன்று வேலையில் இருந்தோம் என்று காட்ட வேண்டும். செக்ரோலில் பேர் இல்லாமல் கைக்காசுக்குக் கயிறு பிடித்தவன் எதைக் காட்டுவான்? பெருந்தோட்டங்கள் பற்றிய சர்வதேச தொழிலாளர் தாபனத்தின் 110ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1995இல் ஏற்றுக்கொண்டது. பாதுகாப்பான வேலைச்சூழல் தொழிலாளியின் அடிப்படை உரிமை என்று அதே தாபனம் 2022இல் அறிவித்தது. ஜெனிவாவில் உரிமை, பிரட்டுக் களத்தில் "நாலு பேர் வாங்கடா கயிறு பிடிக்க". இதுதான் நம் நிலைமை.

நம் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவன் அல்ல. மரம் விழுந்து கூரை உடைந்த பிறகு படம் எடுக்க ஓடுகிற தலைவர்கள், வெட்டுகிற அன்று காலையில் எங்கே இருந்தார்கள்? நம் இளைஞர்களும் செயின்சோ மெஷினை வாடகைக்கு எடுத்து, தெரிந்தவரின் வண்டியைக் கட்டி, துணிச்சலைக் காட்டிச் சம்பாதிக்கிறார்கள். தம்பிமாரே, உங்கள் துணிச்சல் கம்பனிக்கு இலாபம். பயிற்சி கொடுக்கிற செலவு மிச்சம், காப்புறுதி மிச்சம், பொறுப்பும் மிச்சம். விழுந்தால் அம்மாவுக்கு மகன் மிஞ்சமாட்டான்.

ஆகவே ஒவ்வொரு தோட்டத் தலைவரும் இந்தக் கோரிக்கைகளை எழுத்தில் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்க வேண்டும்:

1. மரம் வெட்டுவது பயிற்சி பெற்றவர்களின் வேலை. மற்றவர்கள் கயிறு பிடிக்க மறுத்தால் பேர் வெட்டக்கூடாது.

2. வெட்டும் முன் உயரத்தை அளந்து, இரண்டு மடங்கு தூரத்துக்கு ஆட்களை அகற்ற வேண்டும். அதற்காக வேலையை விட்டு லயத்தைக் காலி செய்கிறவர்களுக்கு அன்று முழுப்பேர்.

3. கயிறு, கப்பி, வின்ச், தலைக்கவசம் தோட்டத்தின் செலவு. கொழுந்துக் கயிறும் கொழுந்து டிராக்டரும் இதற்கு வேண்டாம்.

4. பாடசாலை, பிள்ளை மடுவம் அருகே என்றால் விடுமுறை நாளில் மட்டும். மின்கம்பி அருகே என்றால் மின்சார சபை வந்து இணைப்பைத் துண்டித்த பிறகு மட்டும்.

5. ஒப்பந்தக்காரரின் ஆள் உட்பட அனைவரின் பேரும் அன்று பதியப்பட வேண்டும். "இழு" என்று கட்டளை இட்டவரின் பேரும் கையொப்பத்தோடு இருக்க வேண்டும்.

ஐந்தாவதைத்தான் நிர்வாகம் கடைசிவரை மறுக்கும். நாமும் கடைசிவரை விடக்கூடாத கோரிக்கை அதுதான். கையொப்பம் போட வேண்டும் என்றால் கை நடுங்கும், நடுங்குகிற கை முதலில் கயிற்றின் நீளத்தைப் பார்க்கும்.

மரம் வெட்டப்படட்டும். நம் ஆள் மிஞ்சட்டும்.