பாட மறுத்தவனோடு எழுந்து போனவர்கள்

காஞ்சிபுரத்தை ஒட்டி, பாலாற்றின் பக்கமாக இருக்கிறது ஓரிக்கை. அவ்வூரின் பெயருக்கு வைணவ மரபு ஒரு கதை சொல்கிறது. திருமழிசை ஆழ்வாரின் சீடன் கணிகண்ணன். பல்லவ மன்னன் தன்னைப் பாடும்படி அவனிடம் கேட்க, அவன் மறுத்தான். நாட்டைவிட்டு வெளியேறும்படி ஆணை பிறந்தது. சீடன் போகிற ஊரில் தனக்கென்ன வேலை என்று ஆழ்வாரும் புறப்பட்டார். போகிறபோது திருவெஃகாவில் பள்ளிகொண்டிருந்த பெருமாளையும் கிளம்பச் சொன்னார். பெருமாள் தம் அரவணையைச் சுருட்டிக்கொண்டு பின்னே நடந்தார். கச்சி நகரம் பொலிவிழந்தது. மன்னன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்க, மூவரும் திரும்பினார்கள். இடையில் அவர்கள் ஓரிரவு தங்கிய இடமே ‘ஓரிரவிருக்கை’ ஆகி, பின் ஓரிக்கை என மருவியது என்பார்கள்.

இதை வரலாறு என்று நாங்கள் முன்வைக்கவில்லை. ஆனால் ஒரு சமூகம் எதை மறக்காமல் ஊர்ப்பெயராகவே வைத்துக்கொள்கிறது என்பது கவனிக்கத்தக்கது. இக்கதையில் இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று, கணிகண்ணன் மன்னனை இகழவில்லை. புகழாமல் இருந்தான், அவ்வளவே. அதுவே குற்றமாயிற்று. இன்னொன்று, மன்னன் வெளியேற்ற நினைத்தது ஒருவனை மட்டுமே. ஒரு புலவன் போனால் அரசுக்கு என்ன நட்டம் என்று அவன் கணக்குப் போட்டிருக்க வேண்டும். அந்தக் கணக்கைப் பொய்யாக்கியது சட்டமோ படையோ அல்ல. கூடவே எழுந்து போனவர்கள் இருந்தார்கள்.

பத்திரிகைச் சுதந்திரம் பற்றி நம் சூழலில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் முதல் செய்தியோடு நின்றுவிடுகிறது. அரசு, சட்டம், தணிக்கை, வழக்கு என்று பேசுகிறோம். இரண்டாவதைப் பற்றி, அதாவது கூடவே எழுந்திருப்பவர்களைப் பற்றி, இலக்கிய வாசகர்கள் யோசிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ் இதழியலின் வரலாற்றில் கணிகண்ணர்களுக்குக் குறைவில்லை. 1908-இல் சென்னையில் ‘இந்தியா’ வார இதழின் மீது அரசு பாய்ந்தபோது பாரதி புதுச்சேரிக்குப் போனார். இதழும் அவரோடு போய், அங்கிருந்து வெளிவந்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அது நுழைவதைத் தடுத்த பிறகு 1910-இல் நின்றது. இதில் நாம் அடிக்கடி மறந்துவிடும் பெயர் ஒன்று உண்டு. பதிவேட்டில் ஆசிரியராக இருந்த எம். சீனிவாசன் ஐந்தாண்டுத் தண்டனை பெற்றார். எழுதியவரின் பெயர் இலக்கியத்தில் நிலைத்தது. காகிதத்தில் பெயர் கொடுத்தவர் சிறைக்குப் போனார். காஞ்சிபுரத்திலேயே 1942-இல் ‘திராவிட நாடு’ இதழைத் தொடங்கிய அண்ணா, ‘ஆரிய மாயை’ நூலுக்காக 1950-இல் தண்டிக்கப்பட்டு, அபராதம் கட்டாமல் சிறை சென்றார். அதே 1950-இல்தான் ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழைச் சென்னை மாநிலத்துக்குள் வரவிடாமல் தடுத்த ஆணையை ரொமேஷ் தாப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. அடுத்த ஆண்டே அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து, பேச்சுரிமையின் மீது புதிய வரம்புகளை வைத்தது. குடியரசு பிறந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை.

பிறகு 1987. ‘ஆனந்த விகடன்’ அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைத் துணுக்குக்காக, ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. குற்றம் சாட்டியதும் அவை, தீர்ப்பளித்ததும் அவை. கண்டனம் வலுத்ததால் சில நாள்களில் விடுவிக்கப்பட்டார். பின்னர் உயர் நீதிமன்றம் அவருக்கு ஆயிரம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. 2003 நவம்பரில் அதே உரிமைமீறல் ஆயுதம் ‘தி இந்து’, ‘முரசொலி’ இதழ்களின் மீது எடுக்கப்பட்டது; பதினைந்து நாள் சிறை. நாடு முழுவதும் பத்திரிகையாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். மூன்றாம் நாள் உச்ச நீதிமன்றம் தண்டனைக்குத் தடை விதித்தது.

இவ்விரண்டிலும் கூடவே எழுந்தவர்கள் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். பெரிய நிறுவனம், தெரிந்த பெயர், தலைநகர் முகவரி. எழுந்து நிற்பது எளிதாக இருந்தது.

இப்போது காஞ்சிபுரம் மாவட்டத்துக்கே திரும்புவோம். 2020 நவம்பர் 8 இரவு, குன்றத்தூரை அடுத்த நல்லூரில், ‘தமிழன்’ தொலைக்காட்சிச் செய்தியாளர் இஸ்ரவேல் மோசஸ் வீட்டுக்கு அருகிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். முப்பது வயதுகூட ஆகாதவர். புறம்போக்கு நிலம் விற்கப்படுவது பற்றியும் கஞ்சா விற்பனை பற்றியும் அவர் செய்தி தந்ததே காரணம் என்று பத்திரிகையாளர் அமைப்புகள் குரல் கொடுத்தன. யுனெஸ்கோவும் கண்டித்தது. நம் இலக்கிய இதழ்களில் எத்தனையில் அவர் பெயர் வந்தது? 2024 ஜனவரியில் பல்லடம் அருகே செய்தியாளர் நேசபிரபு, தம்மைச் சிலர் பின்தொடர்வதாகக் காவல்துறைக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டே இருந்தும் உதவி வருவதற்குள் வெட்டப்பட்டார். உயிர் பிழைத்தார். அந்தத் தொலைபேசி உரையாடலைப் பலரும் கேட்டோம். ஒரு வாரத்தில் அது பேச்சிலிருந்து மறைந்தது.

இதை ஒரு நாவலாசிரியருக்கு நேர்ந்ததோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பெருமாள்முருகன் 2015-இல் எழுதுவதையே நிறுத்துவதாக அறிவித்தபோது தமிழிலும் பிற மொழிகளிலும் எழுத்தாளர்கள் திரண்டார்கள். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அது நியாயமான திரட்சி. நாங்களும் பெருமிதம் கொள்கிறோம். ஆனால் படைப்பாளியின் பேனாவுக்கு ஒரு மதிப்பும், வட்டாரச் செய்தியாளரின் பேனாவுக்கு வேறொரு மதிப்பும் வைத்திருப்பது எந்த அறம்? செய்தி எழுதுவது இலக்கியத்துக்குக் கீழான தொழில் என்னும் எண்ணம் நம்மிடையே ஊறிக் கிடக்கிறது. அந்த எண்ணத்துக்கு இரத்தத்தில் விலை கொடுப்பவர்கள் வேறு யாரோ.

வட்டாரச் செய்தியாளரின் நிலை நெசவாளிக்குப் புதிதல்ல. பட்டுக் கைத்தறியில் சேலை ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி. தறி ஓடாத நாளில் வருமானம் இல்லை. சிற்றூரிலிருந்து எழுதும் பலருக்கும் செய்தி ஒன்றுக்கு இவ்வளவு என்பதே ஊதியம். நியமன ஆணை இல்லை, காப்பீடு இல்லை. நிறுவனம் தன் சின்னம் பொறித்த ஒலிவாங்கியைக் கொடுக்கும். அடி விழும்போது அவர் எங்கள் ஊழியரல்ல என்று சொல்லவும் அதனால் முடியும். ஆனால் பாலாற்று மணல் எங்கே போகிறது, ஏரிப் புறம்போக்கு யார் பெயருக்கு மாறுகிறது, 2022 முதல் பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை எதிர்த்து ஏகனாபுரத்து மக்கள் ஏன் போராடினார்கள் என்பதெல்லாம் அவர் வழியாகத்தான் முதலில் வெளியே வருகிறது.

“இன்றைய ஊடகங்கள் எந்த யோக்கியதையில் பாதுகாப்புக் கேட்கின்றன?” என்று நண்பர்கள் கேட்பதுண்டு. கட்சிக்கொரு தொலைக்காட்சி, காசுக்கொரு செய்தி, கிசுகிசுப் பக்கங்கள். குற்றச்சாட்டு பொய்யல்ல. ஆனால் சுதந்திரம் என்பது நன்னடத்தைக்குத் தரும் பரிசல்ல. 1994-இல் ‘நக்கீரன்’ இதழின் ராஜகோபால் வழக்கில், அதிகாரிகள் தம்மைப் பற்றிய வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க முடியாது, அவதூறு என்றால் வெளிவந்த பின்பே நிவாரணம் தேடலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அவ்வழக்கு எதைப் பற்றியது? ஆட்டோ சங்கர் என்னும் கொலைக்குற்றவாளியின் தன்வரலாற்றைப் பற்றியது. உன்னதமான எழுத்து எதற்காகவும் அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. இன்று அதன் நிழலில் எல்லா உன்னத எழுத்துகளும் நிற்கின்றன. மோசமான இதழை விமர்சிப்போம், வாங்காமல் விடுவோம். வாயடைக்கும் உரிமையை ஆட்சிக்குக் கொடுத்தால், அது மோசமானவற்றோடு நிற்காது.

ஈழத்தை நினைக்காமல் தமிழர் எவரும் இது குறித்துப் பேச முடியாது. 1981-இல் யாழ் நூலகம் எரிந்த அதே நாள்களில் ‘ஈழநாடு’ அலுவலகமும் எரிக்கப்பட்டது. நூலகத்தை நினைவில் வைத்திருக்கும் நாம் நாளிதழை மறந்துவிட்டோம். நிமலராஜன் 2000-இலும், நடேசன் 2004-இலும், சிவராம் 2005-இலும் கொல்லப்பட்டார்கள். 2006 ஜனவரியில் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, அவர்கள் குண்டு வெடித்து இறந்தார்கள் என்று படைத்தரப்பு சொன்னது. சுகிர்தராஜன் எடுத்த படங்கள் துப்பாக்கிக் காயங்களைக் காட்டின. அதே மாதம் 24-ஆம் நாள் அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டு உலகப் பத்திரிகைச் சுதந்திர நாளுக்கான யுனெஸ்கோ மாநாடு கொழும்பில் நடந்தது. மே 2 அன்று யாழ்ப்பாணத்தில் ‘உதயன்’ அலுவலகத்துக்குள் புகுந்தவர்கள் இரண்டு ஊழியர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அதன் பிறகும் ‘உதயன்’ வெளிவந்தது.

மாஸ்கோவில் அன்னா பொலித்கோவ்ஸ்கயா (2006), பெங்களூரில் கௌரி லங்கேஷ் (2017), மால்ட்டாவில் டாஃப்னி கருவானா கலிசியா (2017), 2023 அக்டோபருக்குப் பின் காசாவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் என்று பட்டியல் நீள்கிறது. நாடுகள் வேறு, கொல்கிறவரின் கணக்கு ஒன்றுதான். இந்த ஒருவர் போனால் யார் கேட்கப்போகிறார்கள் என்பதே அது.

அந்தக் கணக்கைப் பிழையாக்குவது வாசகர் கையில் இருக்கிறது. செய்தியாளர் ஒருவர் தாக்கப்பட்டால், அவர் எந்தச் செய்திக்காகத் தாக்கப்பட்டாரோ அதை அத்தனை இதழ்களும் எடுத்துப் போடட்டும். அடித்ததால் செய்தி அடங்கவில்லை, பெருகியது என்று ஆகட்டும். இலக்கியக் கூட்டங்களில் அவர் பெயர் சொல்லப்படட்டும். வழக்கு என்னவாயிற்று என்று ஓராண்டுக்குப் பின்னும் கேட்கப்படட்டும். நம் ஊர்ச் செய்தியின் கீழ் இருக்கும் பெயரைப் படிக்கும் பழக்கம் நமக்கு வரட்டும். பெயர் தெரியாதவருக்காக எவரும் எழுந்திருப்பதில்லை. இஸ்ரவேல் மோசஸ் என்ற பெயரிலிருந்து அதைத் தொடங்கலாம்.