உவமை மருந்தாகுமா?

சிங்கப்பூரிலிருந்து யார் வந்தாலும் நம் வீடுகளில் முதலில் கேட்கிற சாமான் கோடாலித் தைலம். தலைவலி, ஜலதோஷம், கை கால் குடைச்சல் எல்லாவற்றுக்கும் அதுதான். "சீனாக்காரன் மருந்து, ஐயாயிரம் வருஷத்துக் கைபாகம்" என்று சொல்லிக்கொண்டே நெற்றியில் தேய்த்துக்கொள்வார்கள். தைலத்தின் சரித்திரமோ வேறு. 1928-இல் லியுங் யுன் சீ என்பவர் சிங்கப்பூரில் அந்த வியாபாரத்தை ஆரம்பித்தார். செய்முறையை அவருக்குக் கொடுத்தவர் ஒரு ஜெர்மானிய டாக்டர். உள்ளே இருப்பவை மெந்தால், கற்பூரம், யூகலிப்டஸ் எண்ணெய் முதலிய பழகிய சரக்குகள். தைலத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் மேஜை இழுப்பறையிலும் ஒரு சீசா இருக்கிறது. என் சண்டையெல்லாம் அந்த ஐயாயிரம் வருஷத்தோடுதான்.

அந்தச் சண்டை என் அக்காவின் முழங்காலில் ஆரம்பித்தது. மாடிப்படி ஏறமுடியாமல் அவள் தவித்துக்கொண்டிருந்தபோது, வெளிநாடு போய்வந்த உறவினர் ஒருவர் சீன மூலிகை என்று சொல்லி ஒரு டப்பா கறுப்பு மாத்திரை கொடுத்தார். பத்தே நாளில் அக்கா மொட்டை மாடிக்குப் போய் வடாம் பிழிந்தாள். எங்கள் தெருவில் பாதிப் பேர் அந்த மாத்திரைக்கு முகவரி கேட்டார்கள். மூன்றாம் மாதம் அவள் முகம் பூரண சந்திரன் மாதிரி உப்பிவிட்டது. ரத்தக் கொதிப்பு ஏறியது. அதுவரை இல்லாத சர்க்கரையும் வந்து சேர்ந்தது. சந்தேகப்பட்ட டாக்டர் மாத்திரையைச் சோதனைக்கு அனுப்பினார். மூலிகையோடு மூலிகையாக உள்ளே இருந்தது ஸ்டீராய்டு. திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து என்று, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து அவளை மீட்பதற்குப் பல மாதங்கள் ஆயின.

அவ்வளவுக்குப் பிறகும் அக்கா என்ன சொன்னாள் தெரியுமா? "நடுவிலே எவனோ கலப்படம் பண்ணினதுக்கு வைத்தியம் என்னடா செய்யும்? சுத்தமான மூலிகையா இருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. ஐயாயிரம் வருஷத்து மருந்து கெடுதல் பண்ணுமாடா?"

கலப்படத்தைப் பற்றி அவள் சொன்னது நியாயம். கடைசிக் கேள்விக்குத்தான் நான் பதில் சொல்லவேண்டியிருக்கிறது.

சீன வைத்தியத்தைக் குறை சொல்ல நீ யார் என்று கேட்கலாம். நான் டாக்டரும் அல்ல, சீனனும் அல்ல. ஆனால் சீனராகவே பிறந்து, என் தொழிலையே செய்த ஒருவர் எனக்கு முன்னால் இந்த வழக்கை ஆடியிருக்கிறார். நவீனச் சீனச் சிறுகதைக்கு வழிகாட்டிய லூ சுன்தான் அவர். ஷாவோசிங் என்ற ஊரில் அவருடைய தகப்பனார் படுக்கையில் விழுந்தபோது லூ சுன் சிறு பையன். வீட்டுச் சாமான்களை அடகுக் கடையில் வைப்பது, கிடைத்த காசோடு மருந்துக் கடைக்கு ஓடுவது, இதுவே சில வருஷங்கள் அவருக்கு வேலையாக இருந்தது. பேர்பெற்ற வைத்தியர்கள் சொன்ன அனுபானங்கள் லேசில் கிடைப்பவை அல்ல. நாணல் வேர் வேண்டும். மூன்று வருஷம் பனியில் நனைந்த கரும்பு வேண்டும். ஒரே வளையில் குடித்தனம் செய்த ஜோடிச் சுவர்க்கோழி வேண்டும், அதுவும் ஆதி ஜோடியாக இருக்கவேண்டும். கடைசியில் உடம்பு நீர் கோத்து வீங்கியபோது கொடுத்த மருந்து, கிழிந்த பழைய முரசுத் தோலில் செய்த மாத்திரை. ஏன் முரசுத் தோல்? அந்த வீக்கத்துக்குச் சீனத்தில் முரசு வீக்கம் என்றும் ஒரு பெயர் உண்டு. முரசு போல உப்பிய நோயை அடக்கக் கிழிந்த முரசு!

1896-இல் தகப்பனார் இறந்தார். 1904-இல் மகன் ஜப்பானில் சென்டாய் நகரத்து மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். பிறகு மருத்துவத்தை விட்டு எழுத்துக்கு வந்தார். ஆனால் அந்த மாத்திரையை அவர் மறக்கவில்லை. முப்பது வருஷம் கழித்து, 1926-இல், அந்தக் கதையை எழுதினார்.

அந்த மாத்திரையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அது மருந்து அல்ல, உவமை. நல்ல உவமைதான். நான் எழுதியிருந்தால் பெருமைப்பட்டிருப்பேன். அதற்காக உவமையைக் கல்வத்தில் இட்டு அரைத்து நோயாளியின் வாயில் ஊட்டலாமா? உவமை செய்வது என் பிழைப்பு. அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது எனக்குத் தெரியும். கண்ணில் நீரை வரவழைக்கும். வயிற்றில் கோத்த நீரை இறக்காது.

இது பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. சாதாரண ஜலதோஷத்தையே எடுத்துக்கொள்வோம். சீன வைத்தியத்தில் அதற்கு முக்கியமாக இரண்டு ஜாதி உண்டு. குளிர்க் காற்று உடம்புக்குள் புகுந்தது ஒன்று. உஷ்ணக் காற்று புகுந்தது மற்றொன்று. குளிர் என்றால் இஞ்சி, லவங்கப்பட்டை மரத்தின் இளங்குச்சி, வெங்காயத்தாளின் வெள்ளைத் தண்டு. கஷாயத்தைக் குடித்துவிட்டு இழுத்துப் போர்த்துக்கொண்டு வியர்க்கவேண்டும். உஷ்ணம் என்றால் ஹனிசக்கிள் பூவும் புதினாவும். தோள்பட்டை வலிக்குச் சூடுகாட்டிய கண்ணாடிக் குவளையைத் தோலின்மேல் கவிழ்ப்பார்கள். முதுகை வழவழப்பான விளிம்பால் சுரண்டுவார்கள். மூட்டு வலிக்கு மாசிபத்திரி இனத்து இலையைச் சுருட்டிக் கொளுத்தி ஒத்தடம்போல் காட்டுவார்கள்.

இஞ்சிக் கஷாயம் இதமானது என்பதை யார் மறுத்தார்கள்? நம் சுக்குக் காப்பியும் இதமானதுதான். ஆனால் ஜலதோஷத்தை உண்டாக்குவது வைரஸ். அநேகமாக ஏழு முதல் பத்து நாளில் அது தானாகப் போய்விடுகிறது. ஐந்தாம் நாள் கஷாயம் குடித்தவன் எட்டாம் நாள் கஷாயத்துக்குக் கும்பிடு போடுகிறான். தானாகத் தீருகிற நோய்களில்தான் உலகத்து வைத்தியங்கள் எல்லாம் சுலபமாகக் கீர்த்தி சம்பாதித்திருக்கின்றன.

ஊசிச் சிகிச்சைக்கு வருவோம். நாட்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 1,162 பேரை மூன்று பங்காக்கி ஜெர்மனியில் ஒரு சோதனை நடத்தி, 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பங்குக்குச் சாஸ்திரப்படி ஊசி. ஒரு பங்குக்குச் சாஸ்திரம் சொல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி. மூன்றாம் பங்குக்கு வழக்கமான மாத்திரையும் தேகப்பயிற்சியும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், சாஸ்திர ஊசியில் 100-க்கு 47.6 பேருக்குக் குணம். பொய் ஊசியில் 44.2 பேருக்கு, மூன்றாம் பங்கில் 27.4 பேருக்கு மட்டும். ஊசிக்காரர்கள் இதைக் காட்டி, நாங்கள் டாக்டர்களை ஜெயித்தோம் என்கிறார்கள். ஜெயித்தது வாஸ்தவம். ஆனால் பொய் ஊசியும் கூடவே ஜெயித்திருக்கிறதே! அப்படியானால் உடம்பெங்கும் ஓடும் பிராண நாடிகள், அவற்றின் மேல் குறித்துவைத்த நூற்றுக்கணக்கான புள்ளிகள், இவையெல்லாம் எதற்கு?

இந்த இடத்தில் டாக்டர்களும் வெட்கப்படத்தான் வேண்டும். நம் ஆஸ்பத்திரிகளில் நோயாளி உட்காருவதற்குள் சீட்டு எழுதி முடிந்துவிடுகிறது. சீன வைத்தியரோ நாடியைப் பிடிக்கிறார், நாக்கை நீட்டச் சொல்கிறார், தூக்கம் எப்படி, கனவு வருகிறதா, மனசில் என்ன கவலை என்று விசாரிக்கிறார். நோயாளியை நடுவில் வைத்து அவர் ஒரு கதை சொல்கிறார். கதை கேட்டால் வலி குறையும். கதை எழுதிப் பிழைக்கிற நான் இதை நம்பாவிட்டால் வேறு யார் நம்புவது? ஆனால் கதைக்கு ஓர் எல்லை உண்டு. இடுப்பு வலியோடு அது நின்றுகொள்ளவேண்டும், சிறுநீரகத்துக்குள் நுழையக்கூடாது.

நுழைந்த கதையையும் சொல்கிறேன். 1990-களின் ஆரம்பத்தில் பெல்ஜியத்தில், பிரஸ்ஸல்ஸ் நகரில், உடம்பு இளைப்பதற்காகச் சீன மூலிகை கலந்த மருந்து சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதாயிற்று. தொகை சுமார் நூறு என்று ஆனது. சிலருக்குப் பிற்பாடு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. ஃபாங்ஜி என்ற பெயரில் வழங்கிய இரண்டு மூலிகைகளில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று போய்விட்டதுதான் காரணம். போனது அரிஸ்டோலோகியா இனத்துச் செடி. நம் ஆடுதின்னாப்பாளையும் அந்த இனம்தான்.

"ஆள் மாறாட்டம்தானே?" என்பாள் அக்கா. இல்லை, மாறி வந்ததும் சீன வைத்தியத்தில் உபயோகத்தில் இருந்த மூலிகையே. இந்தக் கேட்டுக்குப் பிறகுதான் 2003-லும் 2004-லும் சீன அரசாங்கமே இந்த இனத்து மருந்துகள் சிலவற்றை விலக்கியது. அதுவரை அனுபவசாலிகளுக்கு இது ஏன் தெரியவில்லை? அனுபவம் என்பது இன்று சாப்பிட்டு நாளை வாந்தி எடுத்தால் கண்டுபிடிக்கும். இன்று சாப்பிட்டுப் பத்து வருஷம் கழித்துப் புற்றுநோய் வந்தால் கண்டுபிடிக்காது. செத்தவன் விதி முடிந்தது என்று எழுதிவிடும். ஐயாயிரம் என்ன, ஐம்பதாயிரம் வருஷம் போனாலும் எண்ணிப் பார்க்காத அனுபவத்துக்கு அது தெரியாது.

அந்த ஐயாயிரம்கூட ஒரே சீரான நூலிழை அல்ல. 1822-இல் சக்கரவர்த்தியே அரண்மனை வைத்தியசாலையிலிருந்து ஊசிச் சிகிச்சையை விலக்கினார். 1929-இல் பழைய வைத்தியத்தையே ஒழிக்க அரசாங்கத்துச் சுகாதாரக் குழுவில் யோசனை எழுந்து, வைத்தியர்களின் எதிர்ப்பால் நின்றுபோயிற்று. 1949-க்குப் பின் கோடானுகோடி ஜனங்களுக்கு டாக்டர்கள் போதவில்லை. மா சே துங் பழைய வைத்தியத்தைப் பெரிய பொக்கிஷம் என்று புகழ்ந்தார். 1955-இல் பீஜிங்கில் அதற்கென்று ஆராய்ச்சி நிலையம் வைத்தார்கள். மறு வருஷம் கல்லூரிகள் திறந்தார்கள். பாடப் புத்தகம் எழுதினார்கள். இன்று உலகம் சுற்றுகிற சீன வைத்தியத்தின் உருவம் பெரும்பாலும் அப்போது திருத்திப் பதிப்பித்தது. தமக்கு அதில் நம்பிக்கை இல்லை, தாம் அதைச் சாப்பிடுவதில்லை என்று மா தம்மிடம் சொன்னதாக, அவருடைய டாக்டர் லீ ட்ஸீசுய் 1994-இல் வந்த நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

அந்தப் பொக்கிஷத்தில் ஒன்றுமே இல்லையா என்றால், உண்டு. அதைக் கண்டெடுத்த விதத்தைத்தான் நான் முக்கியமாகச் சொல்லவேண்டும்.

வியட்நாம் யுத்தத்தில் மலேரியாவுக்கு மருந்து தேடி, 1967-ஆம் வருஷம் மே 23-ஆம் தேதி சீனா ஒரு ரகசிய முயற்சியைத் தொடங்கியது. 1969-இல் பீஜிங் நிலையத்தின் தூ யூயூ என்ற பெண்மணி அதில் ஒரு குழுவுக்குத் தலைவியானார். 2,000-க்கு மேற்பட்ட பழைய மருந்து முறைகளைச் சேகரித்தார்கள். நூற்றுக்கணக்கான சாறுகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய எல்லாம் தோற்றன. மாசிபத்திரி இனத்துச் செடி ஒன்று ஒரு தடவை பலித்தது, மறு தடவை பலிக்கவில்லை. நாலாம் நூற்றாண்டில் கெ ஹொங் எழுதிய ஏட்டைத் தூ யூயூ மறுபடி புரட்டினார். அந்தச் செடியைக் காய்ச்சச் சொல்லாமல், நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. கொதிக்கவைப்பதால்தான் மருந்து கெடுகிறதோ என்று அவருக்கு உதித்தது. குறைந்த சூட்டில் ஈதரைக் கொண்டு சாறு இறக்கினார். 1971 அக்டோபரில் 191-ஆவது மாதிரி எலிகளிடம் முழுப் பலன் தந்தது. முதலில் தாமும் சகாக்களும் சாப்பிட்டுப் பார்த்துவிட்டே நோயாளிகளுக்குக் கொடுத்தார். அதுதான் ஆர்டிமிசினின். இன்று மலேரியா சிகிச்சைக்கு ஆதாரமான மருந்து; 2015-இல் அவருக்கு நோபல் பரிசு வாங்கித் தந்தது.

இதைக் காட்டித்தான் மருந்துக் கடைக்காரர்கள் மார் தட்டுகிறார்கள். எனக்கோ இதில் வேறொன்று தெரிகிறது. அந்த ஒரு பிடி இலை 1,600 வருஷம் மற்ற முறைகளோடு ஏட்டில் கிடந்தது. எது மருந்து, எது முரசுத் தோல் என்று பிரித்துச் சொல்ல மரபினால் முடியவில்லை. பிரித்துக் காட்டியது எலியும் கணக்கும், தோற்ற சாறுகளைத் தோற்றவை என்று எழுதிவைத்த நேர்மையும். கெ ஹொங்குக்கு உண்மையான மரியாதை செய்தவர், அவரைச் சோதித்த அந்தப் பெண்மணிதான். அவர் படத்துக்கு மாலை போட்டு மாத்திரை விற்கிறவர்கள் அல்ல.

ஆகவே என் அக்காவுக்குப் பதில் இது. பண்ணும், அக்கா. வேலை செய்கிற மருந்து எதுவானாலும் கெடுதலும் பண்ணும். வயசு அதைத் தடுக்காது. இனி யார் டப்பாவை நீட்டினாலும் மூன்று கேள்வி கேள். உள்ளே இருப்பது என்ன? எத்தனை பேருக்குக் கொடுத்து, கொடுக்காத எத்தனை பேரோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்? என்ன கெடுதல் கண்டார்கள்? பதில் வந்தால், நேற்றுப் பிறந்த மருந்தானாலும் சாப்பிடு. வராவிட்டால், அதன் வயசுக்கு ஒரு நமஸ்காரம் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடு.