காய்ச்சினாலும் போகாத விஷம்

ஜலத்தைக் காய்ச்சி வடிகட்டிவிட்டால் அதிலுள்ள தோஷமெல்லாம் நீங்கிவிடும் என்பது நம் வீடுகளில் வழிவழியாக வந்த நம்பிக்கை. கிருமிகளைப் பொறுத்தவரையில் அது சரியே. ஆனால் காரீயம் என்னும் உலோகம் ஜலத்தில் கலந்திருந்தால் அடுப்பு அதை ஒன்றும் செய்யாது. ஜலம் ஆவியாகிக் குறையும், விஷம் குறையாது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியுமில்லை. பின் எவ்வாறுதான் கண்டுகொள்வது? அமெரிக்க தேசத்துப் பிளிண்ட் நகரத்தின் கதையை முதலில் கேளுங்கள்.

மிச்சிகன் ராஜ்யத்திலுள்ள அந்நகரில் அப்பொழுது சுமார் ஒரு லட்சம் ஜனங்கள் வசித்தார்கள். 2014-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், செலவைக் குறைக்கும் பொருட்டு, டெட்ராயிட்டிலிருந்து வந்த ஜலத்தை நிறுத்திவிட்டு, உள்ளூர் ஆற்று ஜலத்தை அதிகாரிகள் குழாயில் விட்டார்கள். தெருவின் பெருங்குழாயிலிருந்து பல வீடுகளுக்குச் சென்ற கிளைக் குழாய்கள் காரீயத்தாலானவை. அவற்றின் உட்புறத்தில் படிந்திருந்த ஒரு படலமே அதுவரை ஜலத்தைக் காத்துவந்தது. ஆற்று ஜலமோ அரிக்கும் தன்மை உடையது. அரிப்பைத் தடுக்கும் மருந்தையும் அதில் சேர்க்கவில்லை. படலம் கரைந்தது, காரீயம் கலந்தது.

ஜனங்கள் முறையிட்டார்கள், பயப்பட வேண்டியதில்லை என்று பதில் வந்தது. அவ்வருஷம் அக்டோபரில் மோட்டார் எஞ்சின் தொழிற்சாலை ஒன்று, தன் யந்திர உறுப்புகள் துருப்பிடிப்பதாகச் சொல்லி, அந்த ஜலத்தை வேண்டாமென்று விலக்கிக்கொண்டது. இரும்புக்குக் கிடைத்த நியாயம் குழந்தைகளுக்குக் கிடைக்க இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று! 2015 செப்டம்பரில் மோனா ஹன்னா-அட்டிஷா என்னும் குழந்தை வைத்தியர், ரத்தத்தில் காரீயம் மிகுந்த குழந்தைகளின் தொகை பெருகியிருப்பதை ஆஸ்பத்திரிக் கணக்குகளைக் கொண்டு எடுத்துக் காட்டினார். அடுத்த மாதமே பழைய ஜலம் திரும்ப வந்தது.

காரீயம் குழந்தையின் மூளையைத் தாக்கி, அறிவையும் கவனத்தையும் குன்றச் செய்கிறது. இவ்வளவு சேர்ந்தால் பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது. பாடம் ஏறாத பிள்ளையைச் சோம்பேறி என்று கடிந்துகொண்ட நாட்கள் நமக்கும் உண்டு. குற்றம் பிள்ளையிடமா, அது குடிக்கும் ஜலத்திடமா என்று நாம் ஒரு நாளும் கேட்டுப் பார்த்ததில்லை.

அமெரிக்காவில் புதிதாகக் காரீயக் குழாய் பதிப்பதை 1986-லேயே சட்டம் தடுத்துவிட்டது. மண்ணுக்குள் கிடக்கும் பழைய குழாய்களுக்கு, 2024 அக்டோபர் 16-ந் தேதிக்குள் ஊர்தோறும் ஜாபிதா தயாரிக்க வேண்டும் என்று சர்க்கார் விதித்தது. வீட்டுக்காரரே செய்யக்கூடிய சோதனையும் உண்டு. குழாய் வீட்டினுள் நுழையுமிடத்தில் ஒரு சாவியால் மெல்லச் சுரண்ட வேண்டும். காரீயமானால் எளிதில் சுரண்டுப்பட்டு வெள்ளிபோல் பளபளக்கும், காந்தம் ஒட்டாது. செம்பு சிவந்து தெரியும். இரும்பில் காந்தம் ஒட்டிக்கொள்ளும். பிறகு கையை நன்றாகக் கழுவிவிட வேண்டும். ஜலத்தில் எவ்வளவு காரீயம் உண்டு என்பதை ரசாயன சாலையில்தான் அறிய முடியும்.

குழாயை மாற்றும்வரையில், இரவெல்லாம் தேங்கி நின்ற ஜலத்தைக் காலையில் சிறிது நேரம் ஓடவிட்டுப் பிடிப்பது நலம். வெந்நீர்க் குழாயின் ஜலத்தைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது. சூடு காரீயத்தை அதிகமாகக் கரைக்கும். காரீயத்தை நீக்கும் என்று சோதித்து உறுதி செய்யப்பட்ட வடிகட்டியும் உதவும்.

நம் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. தமிழில் 'ஈயம்' என்னும் ஒரே சொல் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறது. ரஸம் கொதிக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தாலானது, அதில் பயமில்லை. காரீயமோ சமையலறை வாசற்படியையே மிதிக்கலாகாது. சொம்பு வாங்கும்போதும், பாத்திரத்துக்கு ஈயம் பூசும்போதும், இரண்டில் எது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.