கனரக அனுமதிப்பத்திரமும் முதலாவது முதலாளியும்

கடந்த 2025 ஆம் ஆண்டு மே மாதம் 11 ஆம் திகதி அதிகாலையில் கொத்மலை, கெரண்டியெல்லப் பகுதியில் பஸ் வண்டியொன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததும், அதே ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் எல்ல - வெல்லவாய வீதியில் இடம்பெற்ற பஸ் விபத்தில் பதினைந்து பேர் பலியானதும் கனரக வாகனச் சாரதிகள் பற்றிய விவாதத்தை நாட்டில் மீண்டும் தோற்றுவித்தன. போதைப்பொருள் பரிசோதனை, ஆசனப்பட்டி, கடுமையான தண்டம் என்று பல யோசனைகள் முன்வைக்கப்பட்டன. ஆண்டொன்றுக்கு இரண்டாயிரத்துக்கும் அதிகமானோரை வீதிகளில் பலிகொடுக்கும் நாட்டில் இத்தகைய நடவடிக்கைகள் அவசியமானவை என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. எனினும் விவாதங்கள் யாவும் சாரதியின் ஆசனத்தையே சுற்றிவந்தன. அந்த ஆசனத்தில் அவரை அமர்த்துபவர் யார், எந்த நிபந்தனையின் பேரில் அமர்த்துகின்றார் என்ற கேள்வி பெரிதாக எழுப்பப்படவில்லை.

அனுமதிப்பத்திரத்தைப் பெறும் பாதை ஓரளவு ஒழுங்குபடுத்தப்பட்டதாகும். 3500 கிலோகிராமுக்கு மேற்பட்டு 17000 கிலோகிராம் வரையான மொத்த நிறையுடைய லொறிகளுக்கு ‘சீ 1’, அதற்கு மேற்பட்டவற்றுக்கு ‘சீ’, கொள்கலன் இழுவை போன்ற இணைப்பு வாகனங்களுக்கு ‘சீ.ஈ.’ என வகைகள் பிரிக்கப்பட்டுள்ளன. இலகுரக வாகன அனுமதிப்பத்திரத்தைப் பெற்று இரண்டாண்டுகள் நிறைவடைந்த பின்னரே கனரக வகைக்கு விண்ணப்பிக்க முடியும். தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, செயன்முறைப் பரீட்சை என்பன தொடர்கின்றன. இலகுரக அனுமதிப்பத்திரம் எட்டு ஆண்டுகளுக்குச் செல்லுபடியாக, கனரக அனுமதிப்பத்திரம் நான்கு ஆண்டுகளுக்கே வழங்கப்படுகின்றது. இடைத்தரகர்களின் தலையீடு பற்றிய முறைப்பாடுகள் இருந்தபோதிலும், இங்கு ஒரு சட்டமும் ஒரு திணைக்களமும் ஒரு வரிசையும் இருக்கின்றன.

அனுமதிப்பத்திரம் கைக்கு வந்த மறுநாள் இவை எதுவும் இல்லை. பெரிய நிறுவனங்கள் விளம்பரங்களில் மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு அனுபவம் கேட்கின்றன. அனுபவம் பெறுவதற்காக இளைஞர் ஒரு லொறியில் உதவியாளராக ஏறுகின்றார். இரவில் மூத்த சாரதி கண்ணயரும்போது திருக்கையைப் பிடிக்கின்றார். ஒரு நாள் மூத்தவர் வேலையை விட்டு விலக, அந்த வாகனம் இவரிடம் ஒப்படைக்கப்படுகின்றது. நியமனக் கடிதம் கிடையாது. சம்பளம் நடைக்கணக்கில். வடக்கிலும் கிழக்கிலும் மாத்திரமன்றி புறக்கோட்டையிலும் தம்புள்ளையிலும் இதுவே வழமை எனலாம்.

நடைக்கணக்குச் சம்பளம் பார்வைக்கு நியாயமானது போலத் தோன்றும். ஓடினால் பணம், ஓடாவிட்டால் இல்லை. ஆனால் ஓய்வெடுக்கும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் சாரதியே விலை கொடுக்கின்றார் என்பதே இதன் உட்பொருளாகும். யாழ்ப்பாணத்திலிருந்து மரக்கறியோ மீனோ ஏற்றி ஏ-9 வீதியால் இரவோடிரவாகக் கொழும்பை அடைந்து, சுமை இறக்கியதும் திரும்பும் ஒருவரிடம் நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஓய்வெடுக்குமாறு கூறினால் அவர் சிரிக்கக்கூடும். தொடர்ச்சியாக நான்கு மணித்தியாலங்களுக்கு மேல் வாகனம் செலுத்தலாகாது, நாளொன்றுக்கு ஒன்பது மணித்தியாலங்களை மிஞ்சலாகாது என்று சர்வதேச தொழில் அமைப்பின் 153 ஆம் இலக்கச் சமவாயம் 1979 ஆம் ஆண்டிலேயே வகுத்திருந்தது. மிகச் சில நாடுகளே அதனை ஏற்றுள்ளன. இலங்கை அவற்றுள் இல்லை.

டிப்பர் வாகனங்களின் கதை இன்னும் துயரமானது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மட்டக்களப்பு, மூதூர், கிண்ணியா பகுதிகளிலிருந்து வரும் செய்திகளில் வாசகர்கள் அடிக்கடி ஒரே வாசகத்தைப் படித்திருப்பர்: அனுமதிப்பத்திரமின்றி மணல் ஏற்றிய டிப்பர் கைப்பற்றப்பட்டது, சாரதி கைது. மணல் அகழ்வதற்கும் கொண்டுசெல்வதற்குமான அனுமதியைப் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்திடமிருந்து பெறவேண்டியது தொழிலை நடத்துபவரின் பொறுப்பு. பிடிபடும்போது வீதியில் நிற்பவரோ சாரதி. நீதிமன்றத்தில் அவருடைய பெயரே அழைக்கப்படுகின்றது. கடுமையாக உழைத்துப் பெற்ற கனரக அனுமதிப்பத்திரத்தை முதல் ஆண்டிலேயே ஆபத்தில் இடுவதற்கு ஒரு பொறுப்பற்ற முதலாளி போதும்.

வாகனத்தின் நிலையும் இதே பொறுப்பைச் சார்ந்ததே. 2020 ஆம் ஆண்டில் இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே பரவலாக மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய லொறிகளே ஓடின. உதிரிப்பாகங்களின் விலையோ 2022 நெருக்கடிக்குப் பின்னர் பன்மடங்காகியது. தடுப்பில் குறை இருப்பதை முதலில் உணர்பவர் சாரதி. அதைச் சொன்னதற்காக அடுத்த நடையை இழப்பவரும் அவரே.

இந்நிலையில் முதலாவது முதலாளியைத் தெரிவுசெய்யும் இளைஞர் எதைப் பார்க்கவேண்டும்? சம்பளத் தொகையை அல்ல, ஊழியர் சேமலாப நிதி இலக்கத்தையே முதலில் பார்க்கவேண்டும் என்பது எமது கருத்தாகும். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஒரேயொரு ஊழியரை வைத்திருப்பவர்கூட அவரது சம்பளத்தில் 8 சதவீதத்தைக் கழித்து, தமது பங்காக 12 சதவீதத்தைச் சேர்த்துச் செலுத்தவேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு மேலும் 3 சதவீதம். தற்காலிக ஊழியர் என்பதோ நடைக்கணக்கில் சம்பளம் பெறுபவர் என்பதோ இதிலிருந்து விலக்களிக்கப் போதுமானதல்ல. பல முதலாளிமார் சாரதியை ஊழியர் என்றே ஏற்றுக்கொள்வதில்லை. அவர் ‘கூட்டாளி’, ‘நம்ம பையன்’. பாசம் நிறைந்த சொற்கள்தாம். விபத்தொன்றில் கால் முறிந்தவர் 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ் நிவாரணம் கோரும்போது அந்தப் பாசம் எங்கே போகின்றது என்பதைத் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகங்களில் ஒரு காலைப்பொழுது அமர்ந்திருந்தால் அறியலாம்.

சேமலாப நிதியின் பெறுமதி பணத்தோடு முடிவதில்லை. அதில் பதிவான மாதங்களே ஒருவரின் அனுபவத்துக்கு மறுக்கவியலாத சான்றாகும். ஐந்து ஆண்டுகள் லொறி ஓட்டியும் ஒரு துண்டுக் காகிதம் இல்லாதவர் அடுத்த நல்ல நிறுவனத்தின் வாசலில் மீண்டும் புதியவராகவே நிற்கின்றார். அங்கிருந்துதான் பலருடைய கண்கள் வெளிநாட்டை நோக்கித் திரும்புகின்றன.

2022 ஆம் ஆண்டில் மாத்திரம் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்காக நாட்டைவிட்டுச் சென்றனர். கல்முனை, ஏறாவூர், புத்தளம், வவுனியா, யாழ்ப்பாணம் என எங்கிருந்தும் வளைகுடாவுக்குப் புறப்படும் சாரதிக்கு முகவர் சொல்லும் வார்த்தை ‘டிரைவர் விசா’ என்பதாகும். எந்த டிரைவர் என்பதிலேதான் வாழ்க்கை தங்கியுள்ளது. சவூதி அரேபியாவில் நிறுவனமொன்றின் கனரக வாகனச் சாரதி தொழிற் சட்டத்தினுள் அடங்குவார். வீட்டுச் சாரதியோ வீட்டுப் பணியாளராகவே கணிக்கப்படுகின்றார். 2021 மார்ச் மாதத்தில் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தம், ஓராண்டு சேவைக்குப் பின்னர் கபீலின் சம்மதமின்றி வேலை மாறவும் நாட்டைவிட்டு வெளியேற அனுமதி கோரவும் தனியார்துறை ஊழியர்களுக்கு வழிசெய்தது. வீட்டுப் பணியாளர்களும் வீட்டுச் சாரதிகளும் அச்சீர்திருத்தத்தில் சேர்க்கப்படவில்லை. கட்டாரில் 2017 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் வீட்டுச் சாரதிகளுக்கும் பத்து மணித்தியால வேலை நாளையும் வாராந்த விடுமுறையையும் விதித்தது. அதனைச் செயற்படுத்துவதற்கு வீட்டின் கதவைத் தாண்டவேண்டும் என்பதே சிக்கல்.

ஆகவே கனரக அனுமதிப்பத்திரம் வைத்திருக்கும் ஒருவர் வீட்டுச் சாரதி விசாவில் செல்வதானது, தேர்ச்சியையும் சட்டப் பாதுகாப்பையும் ஒருங்கே கைவிடுவதாகும். ‘ப்ரீ விசா’ இன்னும் மோசமானது. அதில் விலையும் உண்டு, விலங்கும் உண்டு. பெயருக்கு ஒரு கபீல், வேலைக்கு இன்னொருவர் என்ற நிலையில் விபத்தொன்று நேர்ந்தால் எவரும் முன்வருவதில்லை. உயிரிழப்பு ஏற்பட்டு, தவறு சாரதியுடையதெனத் தீர்மானிக்கப்படின் தியா செலுத்தவேண்டிய கடப்பாடு எழுகின்றது. வாகனத்துக்கு முறையான காப்புறுதி இருந்ததா என்பது அப்போதுதான் தெரியவருமாயின் காலங்கடந்துவிட்டது என்றே பொருள்.

ஐரோப்பா என்றதும் இக்கவலைகள் மறைந்துவிடுவதாக எண்ணுவோரும் உளர். 2023 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் கிராபென்ஹவுசன் நெடுஞ்சாலைத் தரிப்பிடத்தில் போலந்து நிறுவனக் குழுமமொன்றின் லொறிச் சாரதிகள் சம்பளம் கிடைக்காமையால் வாகனங்களை நிறுத்திவிட்டு வாரக்கணக்கில் போராடினர். முதலில் திரண்டவர்கள் பெரும்பாலும் ஜோர்ஜியாவையும் உஸ்பெகிஸ்தானையும் சேர்ந்தவர்கள். ஏப்ரல் மாதத்தில் நிறுவன உரிமையாளர் தனியார் பாதுகாவலர்களுடன் வந்து வாகனங்களை மீட்க முயன்றார், பொலிஸார் தலையிட்டனர். இறுதியில் நிலுவை கிடைத்தது. ஆனால் அதே ஆண்டின் நடுப்பகுதியில் அதே இடத்தில் மற்றொரு குழுவினர் திரளவேண்டியதாயிற்று. சிலர் உண்ணாவிரதத்திலும் இறங்கினர். ஒன்பது மணித்தியால நாளாந்த வரம்பும், நான்கரை மணித்தியாலத்தின் பின் 45 நிமிட ஓய்வும் சட்டமாயுள்ள கண்டத்திலேயே இது நடந்தது.

அரசாங்கம் செய்யக்கூடியது அதிகம் செலவு பிடிப்பதல்ல. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் சாரதிகளைப் பதிவுசெய்யும்போது விசாவிலுள்ள தொழிற்பெயர், கபீலின் பெயர், வாகன வகை, காப்புறுதி ஆகிய நான்கையும் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, கையொப்பம் பெறலாம். அரபியிலும் ஆங்கிலத்திலும் உள்ள ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் இளைஞருக்கு அந்த ஒரு பக்கமே போதிய எச்சரிக்கையாகும். உள்நாட்டில், கனரக அனுமதிப்பத்திரம் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும்போது சாரதியின் கண்பார்வையைச் சோதிக்கும் அரசு, லொறி உரிமையாளர் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் பெறவரும்போது அவ்வாகனத்தின் சாரதிக்குச் சேமலாப நிதி செலுத்தப்பட்டுள்ளதா என்று கேட்பதில் என்ன தடை உள்ளது என்பது விளங்கவில்லை. சிறு உரிமையாளர்களுக்கு இது சுமையாகும் என்ற வாதம் எழும். அந்தச் சுமையை இன்று சுமப்பவர் சாரதியே.

வடக்கு, கிழக்கு பிரதிநிதிகளும் மலையகப் பிரதிநிதிகளும் பாராளுமன்றத்தில் தொழில் அமைச்சின் வரவு செலவுத்திட்ட விவாதத்தில் உரையாற்றும்போது ஆசிரியர்கள், பட்டதாரிகள், தோட்டத் தொழிலாளர்கள் பற்றிப் பேசுகின்றனர். லொறிச் சாரதிகளுக்குப் பலமான தமிழ்பேசும் தொழிற்சங்கம் இல்லாமையால் அவர்களது விடயம் அங்கு ஒலிப்பது அரிது. மாவட்ட அலுவலகங்களில் தமிழில் முறைப்பாட்டைப் பதிவுசெய்யக்கூடிய தொழில் உத்தியோகத்தர்கள் போதியளவில் உள்ளனரா என்ற கேள்வியிலிருந்தாவது அவர்கள் ஆரம்பிக்கலாம்.