உள்ளே வரலாம், வெளியே போக முடியாது!

கலிபோர்னியாவின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால், கடற்கரையோரம் நெடுகிலும் புனிதர்களின் பெயர்கள் தென்படும். சான் டியேகோ, சாந்தா பார்பரா, சான் பிரான்சிஸ்கோ என்று வரிசை நீளும். 'சான்' என்றாலும் 'சாந்தா' என்றாலும் ஸ்பானிய மொழியில் 'புனித' என்றே பொருள். இந்தப் பெயர்கள் வருமுன்பும் அங்கே ஊர்கள் இருந்தன. சுமார் 3 லட்சம் மக்கள் வாழ்ந்தார்கள். எண்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் பேசினார்கள். செவ்விந்தியர் என்று நம் பத்திரிகைகள் எழுதிப் பழகிய பூர்வகுடிகள் அவர்கள்.

1769ஆம் ஆண்டு ஸ்பெயின் மன்னரின் படையும் பிரான்சிஸ்கன் சபைப் பாதிரிமார்களும் சேர்ந்து அங்கே வந்தார்கள். பாதிரிமார்களின் தலைவர் ஹூனிப்பெரோ செர்ரா. அந்த ஆண்டு ஜூலையில் சான் டியேகோவில் முதல் மிஷன் எழுந்தது. 1823இல் சொனோமாவில் எழுந்தது கடைசி மிஷன். மொத்தம் இருபத்தொன்று. கோயில், வயல், பட்டறை, மாட்டுத் தொழுவம், குடியிருப்பு எல்லாம் சேர்ந்த பெரிய பண்ணைகள் அவை.

பூர்வகுடிகள் ஏன் அங்கே போனார்கள்? எல்லோரையும் துப்பாக்கி முனையில் இழுத்துப் போகவில்லை என்பது உண்மை. ஆனால் மிஷனின் மாடும் குதிரையும் அவர்களுக்குச் சோறு போட்ட புல்விதைகளை மேய்ந்து தீர்த்தன. புல்வெளிக்குத் தீயிட்டு அடுத்த பருவத்து விளைச்சலைப் பெருக்கும் பழைய வழக்கத்தை 1793இல் ஆளுநர் தடை செய்தார். புதிய நோய்கள் ஊர்களைக் காலி செய்தன. பசித்தவன் சோறு இருக்கும் இடத்துக்குத்தானே போவான்? பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆனால் தாயும் பின்னாலேயே போவாள். இதை விருப்பம் என்று சொல்வதா, நிர்ப்பந்தம் என்று சொல்வதா?

மணி அடித்தால் வேலை

உள்ளே போனபின் வாழ்க்கை மணியோசைக்குக் கட்டுப்பட்டது. மணி அடித்தால் பூசை; மணி அடித்தால் கஞ்சி; மணி அடித்தால் வேலை. செங்கல் அறுத்தார்கள், நெசவு நெய்தார்கள், தோல் பதனிட்டார்கள், கோதுமை விளைவித்தார்கள். கூலி கிடையாது. மணமாகாத பெண்களை இரவில் தனிக் கூடத்தில் அடைத்துப் பூட்டி வைப்பது வழக்கம்.

சில மிஷன்களில் அனுமதி பெற்றுச் சில வாரம் சொந்த ஊர் போய்வர லீவு உண்டு. தவணை தாண்டினால்தான் விபரீதம். சிப்பாய்கள் தேடி வருவார்கள், பிடிபட்டவருக்குக் கசையடி. ஞானஸ்நானம் பெற்றவர் மிஷனுக்கு உரியவர், தம் விருப்பத்துக்கு விலகிப்போக அவருக்கு உரிமை இல்லை என்பதே சட்டம். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கு இதன் கொடுமையை விளக்க வேண்டியதில்லை. எவ்வளவு தூரத்தில் இருந்தாலும், ஒரு டிக்கெட் வாங்கினால் ஊர் போய்விடலாம் என்ற நினைப்பில்தானே காலம் ஓடுகிறது! அந்த நினைப்பே குற்றம் என்றால்?

1786இல் மாண்டரே வந்த பிரெஞ்சு மாலுமி லா பெரூஸ், பாதிரிமார்களின் நல்லெண்ணத்தைப் பாராட்டினார். அப்படிப்பட்டவரே, அங்கே கண்ட காட்சி மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைத் தோட்டங்களை நினைவூட்டியதாக எழுதி வைத்தார்.

பூர்வகுடிகள் வாய்மூடி இருந்துவிடவில்லை. 1775இல் குமேயாய் மக்கள் சான் டியேகோ மிஷனைத் தீயிட்டார்கள். 1785இல் சான் கேப்ரியலில் நடந்த கிளர்ச்சி முயற்சியில் டொய்புரினா என்ற இளம்பெண் முன்னின்றாள். பிடிபட்டு, ஊரைவிட்டே நாடு கடத்தப்பட்டாள். 1824இல் ஓர் இளைஞனுக்கு விழுந்த கசையடி மூன்று மிஷன்களில் கிளர்ச்சியாக வெடித்தது. சுமாஷ் மக்கள் லா பூரிசிமா மிஷனைச் சுமார் ஒரு மாதம் தங்கள் கையில் வைத்திருந்தார்கள்.

பேரேடு சொல்லும் சாட்சி

பாதிரிமார்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பேரேடு வைத்தார்கள். அந்தப் பேரேடுகளை அமெரிக்காவின் ஹண்டிங்டன் நூலகம் கம்ப்யூட்டரில் ஏற்றித் தொகுத்திருக்கிறது. 1769 முதல் 1850 வரை ஒரு லட்சத்துக்கு மேல் ஞானஸ்நானம். எழுபதாயிரத்துக்கு மேல் அடக்கம். ஸ்பானியக் குடியேறிகளும் இதில் அடக்கம் என்றாலும் பெரும்பகுதி பூர்வகுடிகளே. 1806இல் தட்டம்மை வந்தபோது சான் பிரான்சிஸ்கோ விரிகுடா மிஷன்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் மாண்டார். நெருக்கியடித்த குடியிருப்பில் நோய்க்குத் தடை ஏது? குற்றம் சாட்டுபவர் எழுதிய கணக்கல்ல இது. பாதிரிமார்களே கைப்பட எழுதியது.

செர்ராவுக்கு வக்காலத்து வாங்குவோரும் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. சிப்பாய்களின் அட்டூழியத்தைத் தடுக்க, உடல் நலிந்த நிலையிலும் மெக்சிகோ நகரம் வரை போய் வைஸ்ராயிடம் முறையிட்டவர் அவர். தம் சகப் பாதிரியாரைக் கொன்றவர்களுக்குக் கூட மரண தண்டனை வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர். ஆனால் அதே செர்ராதான், தகப்பன் பிள்ளையை அடிப்பதுபோல் பாதிரியார் பூர்வகுடிகளை அடிப்பது பழைய வழக்கம் என்று 1780இல் ஆளுநருக்கு எழுதினார். வளர்ந்த மனிதனைப் பிள்ளை என்று சொல்லத் தொடங்கினால், கசையும் பாசமாகிவிடுகிறது. வினையே அங்கேதான் ஆரம்பம்.

மிஷன்கள் போனபின் நிலைமை இன்னும் மோசமாயிற்று என்பதையும் மறைப்பதற்கில்லை. 1833இல் மெக்சிகோ அரசு மிஷன் நிலங்களைப் பிரிக்கச் சட்டம் போட்டது. பூர்வகுடிகளுக்குப் பங்கு என்றார்கள். பெரும்பகுதி செல்வாக்குள்ள பண்ணைக்காரர்கள் கைக்குப் போயிற்று. 1848இல் தங்கம் கிடைத்தது, அமெரிக்கர் வெள்ளமாக வந்தார்கள், படுகொலைகள் நடந்தன. 1900இல் பூர்வகுடிகள் இருபதாயிரத்துக்கும் கீழே. ஆனால் பின்னால் வந்தவன் பெரிய கொடுமை செய்தான் என்பதால் முன்னால் வந்தவன் கணக்கு தீர்ந்துவிடுமா?

மன்னிப்பும் மாலையும்

2015 ஜூலையில் போப் பிரான்சிஸ் பொலிவியாவில், அமெரிக்கக் கண்டத்தைக் கைப்பற்றிய காலத்தில் பூர்வகுடிகளுக்கு இழைத்த குற்றங்களுக்காக மன்னிப்புக் கேட்டார். உலகமே பாராட்டியது. அதே ஆண்டு செப்டம்பரில் வாஷிங்டனில் செர்ராவைப் புனிதராக அறிவித்தார். பூர்வகுடிகளில் பலர் மனம் நொந்தார்கள். 2020இல் சான் பிரான்சிஸ்கோவிலும் லாஸ் ஏஞ்சல்சிலும் செர்ரா சிலைகளை இழுத்துத் தள்ளினார்கள்.

சிலை நிற்பதும் விழுவதும் பெரிதல்ல. பாடப் புத்தகம் என்ன சொல்கிறது என்பதே பெரிது. கலிபோர்னியாவில் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் சர்க்கரைக் கட்டிகளை அடுக்கி மிஷன் கட்டிடம் செய்து காட்டுவது நெடுங்கால வழக்கம். அதனால் பெரிய பயன் இல்லை, அங்கே வாழ்ந்த மக்களின் அனுபவத்தைக் கற்பியுங்கள் என்று 2016இல் மாநிலப் பாடத்திட்ட வழிகாட்டி கூறியது. காலம் கடந்தாலும் இது சரியான வழி.

கற்பிக்கச் சாட்சியும் இருக்கிறது. சான் லூயிஸ் ரே மிஷனில் 1822இல் பிறந்த பாப்லோ தாக் என்ற பூர்வகுடிப் பையன், ரோமாபுரிக்குப் படிக்கப் போய், அங்கே தன் மக்களின் வாழ்வையும் மொழியையும் பற்றி எழுதி வைத்தான். 1841இல், இருபது வயது நிரம்புமுன், அங்கேயே இறந்தான். ஆயிரக்கணக்கானோரைப் பற்றி மற்றவர்கள் எழுதியபோது, உள்ளிருந்து எழுதிய அபூர்வக் குரல் அவனுடையது.

நன்மை செய்கிறேன் என்று வருபவரை எப்படி எடைபோடுவது? அவர் தரும் சோற்றையும் துணியையும் மட்டும் பார்த்தால் போதாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகிறவனை அவர் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும். கதவைத் திறந்து வைத்தால் அது அன்பு. சிப்பாயை அனுப்பினால், அதன் பெயர் வேறு.