பேச முடிகிறபோதே எழுதி வைக்க வேண்டும்



தீராத நோயாளிக்குக் கண்ணியத்தோடு இறக்கும் உரிமை உண்டு என்ற கருத்து முற்றிலும் ஏற்கத்தக்கது. அரசியலமைப்பின் 21ஆவது பிரிவில் அது அடங்கும் என 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிர்பறிக்கும் ஊசிக்கு அனுமதியில்லை. பயனற்ற உயிர்காப்புச் சிகிச்சையை மறுக்கலாம். அந்த விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைக்கும் மருத்துவ உயிலுக்கு இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்றும் போதும் என 2023இல் நடைமுறை எளிதாக்கப்பட்டது. ஆனாலும், தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் வென்டிலேட்டருக்கான ஒப்புதல் படிவம் நீட்டப்படும்போதுதான் பல குடும்பங்கள் திகைத்து நிற்கின்றன. பேச்சிழந்த நோயாளியின் விருப்பம் எவருக்கும் தெரிவதில்லை. ஆகவே, ஆரம்ப சுகாதார நிலையந்தோறும் உயிலின் தமிழ்ப் படிவமும், அதை விளக்கிச் சொல்லப் பயிற்சி பெற்ற செவிலியரும், வலி தணிக்கும் மார்ஃபின் மாத்திரையும் கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும்.

- வாசகர், திருச்சி